பிரச்சினை ஏதும் காணப்படவில்லை

கேரட் கிலோ நூறைத் தொட்ட வருடம்
வாங்கிய வண்டி.
வெள்ளை. ஜெர்மன்காரன் செய்தது.
கேத்தியில் அதை நிறுத்தும் அளவுக்குச் சமதளம்
கேரட் கழுவும் இடத்தில்தான் இருந்தது.

இரண்டாம் குளிர்காலத்தில் சத்தம் வந்தது.
விடிகாலையில், வலப்பக்க வளைவுகளில் மட்டும்,
பின் சக்கரத்துக்கு மேலே எங்கோ.
மழையில் ஊறிய கதவை
வீட்டார் விழிக்காமல் திறக்கப் பார்ப்பவனின் சத்தம்.

எண்பது கிலோமீட்டர் கீழே, கோயம்புத்தூரில்
கண்ணாடிக் கட்டடம். காப்பி. மூன்று விதச் சர்க்கரை.
"எப்படிப்பட்ட சத்தம் சார்?"
வினோதினி என்ற பெண், கையில் டேப்லெட்.
டொக், கிரீச், மற்றவை
என்று மூன்று கட்டம்.
நானே சத்தம் போட்டுக் காட்டினேன்.
புது வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த குடும்பம்
திரும்பிப் பார்த்தது.
'மற்றவை'யைத் தொட்டாள்.

மாலையில் வண்டியைக் கழுவித் துடைத்துத் தந்தார்கள்.
தாளில் ஒரே வரி:
பிரச்சினை ஏதும் காணப்படவில்லை.
அதற்கு நாலாயிரத்து எழுநூறு. வரி தனி.

எப்படிக் காணப்படும்?
பதினான்காம் வளைவில் முனகும்,
பர்லியாரில் பலாப்பழக் கடைகளைத் தாண்டும்போது
யோசிக்கும்,
கல்லாற்றுப் பாக்குத்தோப்பின் வெக்கை பட்டதும்
வாயை மூடிக்கொள்ளும்.
அவிநாசி சாலையில் அதைவிட நல்ல பிள்ளை கிடையாது.

மறுபடி கொண்டு போனேன். மறுபடி அதே வரி.
மூன்றாம் முறை
வண்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.
மேட்டுப்பாளையம் மண்டியில் இருபத்தாறு வருடம்
மூட்டையைப் பிரிக்காமலே
அடியில் அழுகல் உண்டா என்று சொன்னவன் நான்.
அன்றைக்கு என் காதை நானே சந்தேகப்பட்டேன்.

பணம் கட்டி வெளியே வரும்போது
தண்ணீர் பீய்ச்சும் கொட்டகையிலிருந்து ஒருவர்
நகத்தில் கிரீஸோடு:
"உங்க ஊர்ல காலைல எத்தனை டிகிரி சார்?"

ஜெபசிங். சாத்தான்குளத்துக்காரர்.
சனி ராத்திரி கடைசி பஸ்ஸில் ஏறி வந்து
விடியும்வரை
கேத்தி பிரிவில் மூடிய டீக்கடை வாசலில் நின்றிருக்கிறார்.
போன் செய்யவில்லை, தூங்குவீங்கன்னு.
யாரிடமோ வாங்கிய ஸ்வெட்டர், கை குட்டை.

டிக்கியைத் திறக்கச் சொன்னார்.
உள்ளே ஏறிப் படுத்தார்.
"மூடுங்க சார். ரேடியோ வேண்டாம்."

புல்மேல் உறைபனி.
ஆளைக் கடத்துகிறவன் போல ஓட்டினேன்.
அருவங்காட்டில் போலீஸ்காரர் கை காட்டினார்,
நெஞ்சு அடைத்தது,
விளக்கைத் தணிக்கத்தான் சொன்னார்.

பன்னிரண்டாம் வளைவில்
பின்னாலிருந்து இரண்டு தட்டு.
திறந்தால்
பல் கிடுகிடுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.
"புஷ் சார். ரப்பர் புஷ். குளிர்ல இறுகுது,
கீழ வர்றதுக்குள்ள இளகிடுது.
வண்டியும் பொய் சொல்லல, நீங்களும் சொல்லல."

எலுமிச்சை அளவு ஒரு கறுப்பு உருண்டை.
இரண்டாயிரத்துச் சொச்சம்.
வந்து சேரப் பதினொரு நாள், மாட்ட அரை மணி.
பில்லில் பஸ் டிக்கெட் இல்லை,
ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அடுத்த வாரம் போனில் ஒரு குரல்:
"எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை சார்?
பத்தே போடுங்க சார்,
ஒன்பது போட்டா எங்களுக்குப் பூஜ்யம்."
டிக்கியில் படுத்து வந்ததற்கு எத்தனை என்றேன்.
"புரியலை சார்."
பத்தே போட்டேன்.

மறுநாள் இருபத்தைந்து கிலோ,
முதல் தரம், கழுவாதது,
மண்ணோடு இருந்தால்தான் நாலு நாள் தாங்கும்,
சாக்கில் ஜெபசிங் என்று பெரிதாக எழுதி
பஸ்ஸில் ஏற்றினேன்.

மதியம் செக்யூரிட்டி கூப்பிட்டார்.
பளிங்குத் தரையில், புது மாடலுக்குப் பக்கத்தில்
மூட்டை நிற்கிறதாம்.
"ஐயா, இதுக்கு ஜாப் கார்டு போடணுமான்னு
மேடம் கேக்குறாங்க."